ஒன்ராறியோ ஏரி, ஏப்ரல் கடைசி: பிரவுன் ட்ரவுட் மீன் ஏன் அடிக்குதில்லை?

கேள்வி:
ஏஜாக்ஸ் கரை. 16 அடி அலுமினியப் படகு, 9.9 குதிரைவலு எஞ்சின். 40 அடி ஆழத்தில ஸ்பூனை (கரண்டி மாதிரியான உலோகப் போலி இரை) 60 அடி பின்னால விட்டு, மணிக்கு 3 மைலில இழுக்கிறன். மேல்தண்ணி 4 பாகை செல்சியஸ். ஒரு மீனும் தொடுதில்லை, தங்கூசியும் முறுகிச் சுருளுது. எதை மாத்த வேணும் அண்ணைமார்?

பதில் 1:
தம்பி, முதல்ல இடத்தை மாத்துங்கோ. இந்த நாளில பிரவுன் பெரும்பாலும் 6 தொடக்கம் 15 அடித் தண்ணியிலதான் நிக்கும். காரணம் இதுதான்: தண்ணி 4 பாகையிலதான் ஆகப் பாரம். கரைத்தண்ணி அதைத் தாண்டிச் சூடாகியிருக்கும், நடு ஏரி அதுக்குக் கீழ கிடக்கும். ரெண்டும் கலக்கிற இடத்தில 4 பாகைத் தண்ணி அடிக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அது ஒரு மதில் மாதிரிச் சூட்டைக் கரையோட மறிச்சு வைக்கும். இரைமீனும் அதுக்குள்ளதான்.

டஃபின்ஸ் சிற்றாறு விழுகிற பக்கம், கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டோட ஓடுங்கோ. 7, 8 பாகை கண்டால் அதை விட்டு விலக வேண்டாம். தரைக்காத்து ரெண்டு நாள் அடிச்சால் சூட்டுத்தண்ணி வெளியில தள்ளுப்பட்டுப் போகும். அப்ப வெப்பமானியோட திரும்பவும் தேடத்தான் வேணும்.

பதில் 2:
கரையோரம் வந்தால் எஞ்சின் சத்தத்துக்கு மீன் பக்கவாட்டில விலகும். அதனால பிளேனர் போர்ட் (தங்கூசியைப் படகுக்குப் பக்கவாட்டில இழுத்துப் போற மிதப்புப் பலகை) கட்டாயம். இழுக்கேக்க 3 தொடக்கம் 5 அடி தாழுகிற, 4 அங்குல மிதக்கும் ஸ்டிக்பெய்ட்டை (மெல்லிய மீன் வடிவப் போலி இரை) 100 அடி விட்டு, அதுக்குப் பிறகு போர்ட்டைக் கொளுவி, படகிலயிருந்து 60 அடி பக்கத்துக்கு ஓட விடுங்கோ. நுனியில லீடரா 6 அடி, 8 இறாத்தல் தாங்குற ஃப்ளூரோகார்பன் தங்கூசி.

முறுக்குக்குக் காரணம் ஸ்பூன் சுத்துறதுதான். லீடர் தொடங்கிற இடத்தில பால்பெயரிங் சுவிவல் (தங்கூசி முறுகாமல் சுழலுற இணைப்பு) போடுங்கோ. ஸ்டிக்பெய்ட்டின்ர மூக்கில மட்டும் சுவிவல் வேண்டாம், ஆட்டம் செத்துப்போகும். சின்ன ஸ்னாப் (திறந்து பூட்டுற கொளுக்கி) காணும். முறுகின தங்கூசியை வெறுமனே, நுனியில ஒண்டுமில்லாமல், ஓடுற படகுக்குப் பின்னால 300 அடி விட்டு இழுத்தால் தானே அவிழும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணை. எஞ்சின் 2.5 மைலுக்குக் கீழ இறங்குதில்லை. ஸ்டிக்பெய்ட்டும் இடப்பக்கம் சாய்ஞ்சு ஓடுது.

பதில் 3:
குளிர்தண்ணிக்கு 1.5 தொடக்கம் 2.2 மைல் நல்லம். டிரிஃப்ட் சொக் (தண்ணியைப் பிடிச்சுப் படகை மெதுவாக்கிற துணிப் பை) ஒண்டை முன் அணியத்தில கட்டுங்கோ. பின்னால கட்டினால் அலை உள்ள ஏறும். கயிறு ப்ரொப்பெல்லர் வரைக்கும் எட்டக் கூடாது, அதை அளந்து பாத்துக் கட்டுங்கோ.

இடப்பக்கம் ஓடினால், பின்னாலயிருந்து பாத்து மூக்கு வளையத்தை வலப்பக்கம் மயிரிழை அளவு குறட்டால வளைச்சு, படகோரம் ஓட்டிப் பாருங்கோ. வளையத்தைத் திருகக் கூடாது, உடல் வெடிக்கும்.

நேர்கோட்டில இழுக்க வேண்டாம். வளைஞ்சு போகேக்க உள்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கம் வேகமாகும். எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாத்து வேகத்தைத் திருத்துங்கோ. உயிர்காப்பு அங்கியைக் கழட்டவே வேண்டாம். இந்தக் குளிரில விழுந்தால் கைகால் சில நிமிசத்தில விறைச்சிடும்.