கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கலாமா? சபைச் செலவு பார்க்கிறவர்கள் எழுதுங்கள்

செந்தூல்வாசி:
அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரம். சாப்பாடு, மண்டபச் சுத்தம், பரிசுக்கூடை என்று சபைக் காசு வெளியே போகப்போகிறது. யாரிடம் வாங்குவது என்று பேச்செடுத்தாலே கமிட்டியில் ஒருவர் 1 கொரிந்தியர் 10:25-ஐ எடுத்துவிடுவார்: கடையில் விற்கிற எதையும் வாங்கலாம், மனச்சாட்சிக்காக ஒன்றையும் விசாரிக்க வேண்டியதில்லை. அதோடு பேச்சு முடிந்து, விலை மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பொருளுக்கும் வேலைக்கும் பின்னால் உழைக்கிறவருக்குக் கூலி ஒழுங்காகப் போகிறதா என்று எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டால் என்ன பதில் வருகிறது? பொதுப்பேச்சு வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வேதபாடம்:
பிரதர், அந்த வசனம் விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைப் பற்றியது. கொரிந்துவில் கோயிலில் பலியிட்டது போக மிச்சம் சந்தைக்கு வரும். எது படைத்தது, எது படைக்காதது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. விக்கிரகம் ஒன்றுமில்லை, அதனால் துருவித் துருவிக் கேட்காதே என்கிறார் பவுல். மாட்டை அறுத்தவனுக்குக் கூலி கொடுத்தார்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. மூன்றே வசனம் தள்ளி, 28-இல், "இது படைத்தது" என்று ஒருவன் சொல்லிவிட்டால் சொன்னவன் நிமித்தம் சாப்பிடாதே என்று திருப்புகிறார். தெரிந்த பிறகு தெரியாதவர்போல் இருக்க வழியில்லை.

கூலியைப் பற்றியோ வேதம் வாய் மூடிக்கொள்ளவே இல்லை. கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் வைத்திருக்காதே என்கிறது லேவியராகமம் 19:13. உபாகமம் 24:14-15 அதில் அந்நியனையும் சேர்க்கிறது. யாக்கோபு 5:4-இல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. 'அந்நியன்' என்ற இடத்தில் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா என்று போட்டு ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு: வாங்குவது வெறும் பொருளாதாரச் செயல் அல்ல, எப்போதும் ஒழுக்கச் செயலும்கூட என்று போப் 16-ஆம் பெனடிக்ட் 2009-இல் எழுதினார். 2015-இல் வந்த லவுதாத்தோ சீ என்ற சுற்றுமடலின் 206-ஆம் பத்தியில் போப் பிரான்சிஸ் அதையே எடுத்தாள்கிறார்.

பட்டர்வொர்த் கணக்கர்:
சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட்டிலிருந்து தொடங்குங்கள். ஈஸ்டர் சாக்லேட்டின் கொக்கோ எங்கோ ஆப்பிரிக்காவில் விளைகிறது, அங்கே போய் நாம் பார்க்க முடியாது. மண்டபத்தைக் கூட்டுகிற கை வாராவாரம் நம் கண்ணெதிரே இருக்கிறது.

கோட்டேஷன் தாளே பாதி உண்மையைச் சொல்லிவிடும். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் இதுவே. உள்ளூர் ஊழியருக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் (ஓய்வுகாலச் சேமநிதி) 13 விழுக்காடு, 221 ரிங்கிட். ஆக ஓர் ஆளுக்கு 1,921, இரண்டு பேருக்கு 3,842. சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), சோப்பு, துடைப்பம், வேன் செலவு, லாபம் எதுவும் இன்னும் சேரவில்லை. முழுநேரத்துக்கு இரண்டு ஆள், மாதம் 3,200 என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், குறைகிற 642 ரிங்கிட்டைக் காண்ட்ராக்டர் தன் கையிலிருந்தா போடுவார்? அது இரண்டு பேரின் சம்பளத்திலிருந்துதான் வரும். வெளிநாட்டு ஊழியர் என்றால் முதலாளியின் இபிஎஃப் 2 விழுக்காடுதான். ஆனால் அவருக்காக அரசுக்குக் கட்டும் லெவி முதலாளி தலையில். அதைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

மிகைநேரத்துக்கும் கணக்கு உண்டு. 1,700-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 65.38. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 8.17. ஒன்றரை மடங்கு 12.26. சாதாரண வேலை நாளில் நாலு மணி நேரம் கூடுதலாக நிற்கச் சொன்னால் ஆளுக்கு 49 ரிங்கிட். ஞாயிறு அவர்களுடைய ஓய்வு நாள் என்றால் இன்னும் கூடும். "பண்டிகைதானே, கொஞ்சம் சேர்ந்து செய்யட்டும்" என்று இதை விழுங்கிவிடுகிற சபைகள் பல.

சம்பளச் சீட்டின் நகல் கேளுங்கள். மொத்தத் தொகையைவிட பிடித்தம் உள்ள பகுதியைப் பாருங்கள். 'முன்பணம்', 'ஹாஸ்டல்', 'பெர்மிட்' என்று மாதாமாதம் ஒரே தொகை கழிந்துகொண்டிருந்தால் அங்கே கடன் ஒன்று ஒளிந்திருக்கலாம். சம்பளம் மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கைக்கு வந்திருக்க வேண்டும், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அப்படி. பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டால் "ஆபீஸில் பத்திரமாக இருக்கிறது" என்ற பதில்தான் அதிகம் வரும். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சொந்தச் சாவியோடு லாக்கர் உண்டா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்: சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, தொழிலாளியிடமே கேட்பது. அவர் "எல்லாம் ஓகே" என்றுதான் சொல்வார். அடி வாங்கப்போவதும் அவர்தான். கேள்வி காண்ட்ராக்டரிடம், எழுத்தில்.

நிபோங் திபால் அக்கா:
கடன் என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் நம் ஆட்கள் வந்தது கப்பல் கூலிக் கடனோடு. இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் அந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. இன்று ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறவரும் அதே கயிற்றில்தான் நிற்கிறார். ஐஎல்ஓ (அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு) வகுத்த கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் கடனடிமை ஒன்று, அடையாளப் பத்திரத்தைப் பிடித்துவைப்பது இன்னொன்று. தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: குறைந்தபட்சச் சம்பள ஆணை வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. சட்டம் விட்ட இடத்தை லேவியராகமம் விடவில்லை.

பூச்சோங் சமையல் குழு:
எண்ணெய். 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட், மானிய விலையில் குடும்பங்களுக்காகக் கொடுப்பது. சபைக்கு நிதி திரட்டும் உணவுச் சந்தையில் வடை சுட்டு விற்க அதைப் பெட்டி பெட்டியாக வாங்குவது ஏழைவீட்டுப் பங்கை எடுப்பது. காரியம் நல்லதுதான், இருந்தாலும் தப்பு. 17 கிலோ டின்னை முழு விலை கொடுத்து வாங்குங்கள்.

லேபிளில் எம்எஸ்பிஓ (மலேசியாவின் பாமாயில் தரச் சான்று) இருந்தால் அது அடிப்படைதான். 2020 முதல் நாட்டில் கட்டாயம். பாமாயிலுக்கு அனைத்துலகச் சான்று தரும் ஆர்எஸ்பிஓவின் பனை முத்திரை இருந்தால் அதன் கீழே உள்ள சொல்லைப் படியுங்கள். 'சர்டிஃபைட்' என்றால் சான்றுபெற்ற எண்ணெய் தனியாக வந்தது. 'மிக்ஸ்ட்' என்றால் மற்ற எண்ணெயோடு ஒரே தொட்டியில் கலந்தது, கணக்கு மட்டும் ஏட்டில் ஒத்துப்போகும். கூடவே உரிம எண் இருக்கும், இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் இல்லாத முத்திரையை நம்பாதீர்கள்.

பாமாயிலே வேண்டாம், சூரியகாந்திக்கு மாறுவோம் என்று இளைஞர் கூட்டத்தில் சொல்வார்கள். அதே அளவு எண்ணெய்க்குச் சூரியகாந்திக்குப் பல மடங்கு நிலம் வேண்டும். பால் மரத்தை (ரப்பரை) விட்டுப் பாமாயில் தரும் செம்பனைக்கு மாறிய தோட்டத்தில் இன்றும் வேலை செய்கிறவருக்கு அதனால் ஒரு காசும் கூடிவிடாது.

செந்தூல்வாசி:
கணக்கரே, கேட்ட பிறகு சம்பளம் குறைவு என்று தெரியவந்தால் காண்ட்ராக்ட்டை வெட்டிவிடலாமா?

பட்டர்வொர்த் கணக்கர்:
எடுத்த எடுப்பில் வெட்டாதீர்கள். வெளிநாட்டு ஊழியரின் வேலை பெர்மிட் அந்த முதலாளி பெயரில்தான் இருக்கிறது. நாம் விலகினால் முதலில் தெருவுக்கு வருவது தொழிலாளி. நம் விலையே 3,200 ஆக இருந்தால் நாமும் அதில் பங்காளிகள். முதலில் தொகையை ஏற்றிக் கொடுங்கள், ஏற்றியது சம்பளத்துக்கு என்று காண்ட்ராக்ட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குப் பிறகு சம்பளச் சீட்டுகளின் நகல் வர வேண்டும். பெயரை மறைத்துத் தரட்டும், தொகையும் பிடித்தமும் தெரிந்தால் போதும். இரண்டு மாதம் பார்த்தும் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். அந்த இருவருக்கும் வேறு இடம் கிடைக்குமா என்று அதே வாரத்தில் விசாரிக்கத் தொடங்குங்கள்.