"உங்களை ஏன் குறிவைத்தார்கள்?"

புகலிடம் கேட்டு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து வாக்குமூலத்தை வரிசையாக எழுதித் தருவது நான் சில வருடம் செய்த வேலை. வக்கீல் இல்லை, வெறும் உதவியாள்தான். அதில் மறக்கவே முடியாதவர்கள் ஓர் அம்மாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும்.

முதல் நாள் அவர் சொன்னது இவ்வளவுதான்: கும்பல் கப்பம் கேட்டது, கொடுக்காவிட்டால் பிள்ளையைத் தூக்குவோம் என்றது. வக்கீல் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பணத்துக்காக யாரை வேண்டுமானாலும் மிரட்டுவார்கள், இவரை ஏன் மிரட்டினார்கள்? 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இருப்பவை ஐந்தே காரணங்கள்: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது. உயிர்ப் பயம் மட்டும் போதாது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மூன்றாவது நாள், பிள்ளைகள் வெளியே போயிருந்த நேரம், "இங்கே எழுதுவது எங்கள் நாட்டுக்குப் போகுமா?" என்று மெல்லக் கேட்டார். போகாது என்று வக்கீல் பொறுமையாக விளக்கிய பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய தம்பி ஒரு கொலையைப் பார்த்துப் போலீசில் சாட்சி சொன்னவர். அடுத்த வாரமே அந்த வாக்குமூலத்தின் நகலோடு கும்பல் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. தம்பி தலைமறைவு. கப்பம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான், அதுவும் "சாட்சிக்காரனின் அக்கா" என்று சொல்லியே.

வழக்கே வேறாகிவிட்டது. குறி அந்தக் குடும்பத்தின் மேல், குடும்பமும் ஒரு சமூகக் குழுதான் என்று காட்ட முடிந்தது. நகல் போலீசிலிருந்தே கசிந்ததால், "அரசிடம் ஏன் பாதுகாப்புக் கேட்கவில்லை" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. கும்பல்களால் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி ஐநா அகதிகள் ஆணையம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பையும் வக்கீல் சேர்த்தார். அது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது, ஆனால் கனமுண்டு.

விசாரணையில், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்கள். "அதிகாரியிடம் சொன்னதால்தான் என் தம்பி இன்று தலைமறைவாக இருக்கிறான்" என்றார். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுத்த பதில் இல்லை. பாதுகாப்புக் கிடைத்தது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் மொழிபெயர்க்கப் போன ஒரு வழக்கு நேர்மாறாக முடிந்தது. 14 வயதுப் பையனைக் கும்பலில் சேரச் சொல்லி மிரட்டியிருக்கிறார்கள். "அந்தப் பகுதியில் எல்லாப் பையன்களுக்கும் இதே கதிதானே" என்று தள்ளிவிட்டார்கள். கனடாச் சட்டத்தில் 97-வது பிரிவு என்று ஒன்று உண்டு. உடன்படிக்கைக் காரணம் இல்லாவிட்டாலும் உயிராபத்துக்குப் பாதுகாப்புத் தரும், ஆனால் நாட்டில் பொதுவாக எல்லோருக்கும் உள்ள ஆபத்து என்றால் தராது. ஊரே எரிந்தால் உன் வீடு எரிவது கணக்கில் வராது என்பது போல.

அமெரிக்காவில் இன்னும் குழப்பம். குடும்பம் ஒரு சமூகக் குழு ஆகலாம் என்று 2017-ல் ஒரு மெக்சிகோக் குடும்பத்தின் வழக்கில் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் கும்பலுக்கு வேண்டியது அவர்கள் கடைதான் என்று கைவிரித்தார்கள். 2019-ல் அந்நாட்டுச் சட்டத்துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல், குடும்பம் பொதுவாகக் குழுவே ஆகாது என்றார். 2021-ல் அடுத்து வந்தவர் அதை ரத்து செய்தார், 2025-ல் மறுபடி 2019-ன் நிலை. ஒரே கதை, எந்த வருடம் போய்ச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு.

*

நாங்களும் புகலிடம் கேட்டிருக்கிறோம். எங்கள் விசாரணை அடுத்த மாதம். "வேறு ஊருக்குப் போயிருக்கலாமே" என்று கேட்பார்கள் என்கிறார் வக்கீல். போனோம். ஒரு சொந்தக்காரர் பிறந்தநாள் போட்டோவை இணையத்தில் போட்டதில் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மிரட்டல் குரல் பதிவுகள் இருந்த போனை எல்லை தாண்டும் முன் பயத்தில் நானே உடைத்து எறிந்துவிட்டேன். தங்கைக்கு அனுப்பிய இரண்டு பதிவுகள் மட்டும் அவள் போனில் இருக்கின்றன. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அதை அனுப்பச் சொன்னால் அவளுக்கு ஆபத்து வருமோ என்று நான்கு நாளாகக் கேட்காமலே இருக்கிறேன்.