யூனிட் குறைஞ்சுது, கரண்ட் பில் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, டெலிவரி சார்ஜ்னா என்ன? (டல்லாஸ்)

புதுசா_வந்தவன்

எல்லாருக்கும் வணக்கம். ஜூலைல தான் மதுரைல இருந்து இர்விங் வந்தோம், ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட். வந்த அவசரத்துல நெட்ல தேடி 9.4 சென்ட்னு போட்டிருந்த பிளானை எடுத்துட்டேன், 12 மாச கான்ட்ராக்ட். ஆகஸ்ட்ல 1010 யூனிட், 98 டாலர் வந்துச்சு, சரியா இருக்கேன்னு நினைச்சேன். பில்லைப் பார்த்துட்டு வீட்ல அவங்க ரொம்ப கவனமா ஆயிட்டாங்க, மதியம் ஏசியை ஆஃப் பண்றது, துணியை வீட்டுக்குள்ளயே கொடி கட்டி காயப்போடுறதுன்னு. செப்டம்பர்ல 940 யூனிட்தான். பில் 187 டாலர்!

எனர்ஜி சார்ஜ் 126.90, டெலிவரி சார்ஜ் 55.93, மிச்சம் டாக்ஸ்னு இருக்கு. யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 20 சென்ட் வருது. 9.4 எங்க போச்சு? டெலிவரினா எதை டெலிவரி பண்றாங்க? கஸ்டமர் கேர்ல கேட்டா பிளான்படி தான் போட்டிருக்கோம்னு ஒரே பதில். குழந்தையை வியர்க்க விட்டு மிச்சம் பிடிச்சதுக்கு இப்படியான்னு அவங்க கண் கலங்கிட்டாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பிளேனோ_அண்ணாச்சி

தம்பி, முதல்ல வீட்ல சொல்லுங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்க பிளான்ல 1000 யூனிட் தொட்டா 100 டாலர் பில் கிரெடிட், அதாவது பில்லுல கழிவுன்னு இருக்கும், எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்னு ஒரு பக்கம் வந்திருக்கும் பாருங்க, அதுல 500, 1000, 2000 யூனிட்டுக்கு சராசரி விலை போடணும்னு ரூல். உங்க பில்லை வச்சு பார்த்தா எனர்ஜி 13.5 சென்ட், டெலிவரி யூனிட்டுக்கு 5.5 சென்ட், மாசத்துக்கு 4.23 டாலர் ஃபிக்ஸட். 1000 யூனிட்டுக்கு 135 + 55 + 4.23, மொத்தம் 194.23, அதுல 100 கழிச்சா 94.23. இதுதான் அந்த 9.4 சென்ட். 940ல நின்னீங்க, அந்த 100 போயிடுச்சு, டாக்ஸுக்கு முன்னாடியே 182.83. இன்னும் 60 யூனிட் எரிச்சிருந்தா 88 டாலர் கம்மியா கட்டியிருப்பீங்க. இதே பிளானுக்கு 500 யூனிட்னா 19.8 சென்ட், 2000னா 14.2 சென்ட். பவர் டு சூஸ்னு பிளான்களை ஒப்பிட்டுப் பார்க்கிற ஸ்டேட்டோட சைட் இருக்கு, அதுல லிஸ்ட்ல முன்னாடி தெரியுறது 1000 யூனிட் விலைதான், அதனாலதான் அந்த ஒரு புள்ளில மட்டும் விலை சூப்பரா தெரியுற மாதிரி பிளான் போடுறாங்க. புதுசா வர்ற நம்ம பசங்க எத்தனை பேர் இதுல விழுந்திருக்காங்கன்னு பார்த்துட்டேன், எனக்கு இதுல நிஜமாவே கோபம் இருக்கு.

டெலிவரி விஷயம் வேற, அது கம்பி வழியா வீட்டுக்கு கரண்டைக் கொண்டு வர்றதுக்கான காசு. 1999ல சட்டம் போட்டு 2002 ஜனவரில இருந்து டெக்சாஸ்ல பெரும்பாலான இடத்துல கரண்ட் விக்கிறவன் வேற, கம்பி வச்சிருக்கிறவன் வேறன்னு பிரிச்சுட்டாங்க. நம்ம ஏரியால கம்பி, போஸ்ட், டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர் எல்லாம் ஆன்கோர்ங்கிற கம்பெனியோடது. ஹூஸ்டன்ல சென்டர்பாயிண்ட். நீங்க யார்கிட்ட கரண்ட் வாங்கினாலும் ஆன்கோருக்குப் போற ரேட் ஒண்ணுதான், அதை பியூசி, அதாவது ஸ்டேட்டோட பப்ளிக் யுடிலிட்டி கமிஷன், அப்ரூவ் பண்ணணும். கம்பெனி மாத்தினா அது குறையாது. கரண்ட் போனாலும் ஆன்கோருக்குத்தான் போன் பண்ணணும், பில் அனுப்புறவனுக்கு இல்ல.

வயர்மேன்_கார்லண்ட்

அண்ணாச்சி சொன்னதோட கொஞ்சம் சேர்த்துக்கிறேன், நான் சப்ஸ்டேஷன் சைடு வேலைல இருக்கேன். அந்த 5.5 சென்ட்ல உங்க தெரு கம்பி மட்டும் இல்ல, மாநிலம் முழுக்க ஓடுற ஹை வோல்டேஜ் லைன் செலவுல நம்ம பங்கும் இருக்கு. மேற்கு டெக்சாஸ் காத்தாலை கரண்டை டல்லாஸ், ஆஸ்டின் பக்கம் கொண்டு வர சுமார் 3600 மைல் லைன் போட்டாங்க, 2014 வாக்கில முடிஞ்சுது, கிட்டத்தட்ட 7 பில்லியன் டாலர், அதை நாம எல்லாரும் டெலிவரி சார்ஜ்ல கட்டிக்கிட்டு இருக்கோம். 2025 ஏப்ரல்ல பெர்மியன் பேசினுக்கு, அதாவது மேற்கு டெக்சாஸ் எண்ணெய் வயல் ஏரியாவுக்கு, 765 கிலோவோல்ட் லைன் போட பியூசி ஓகே சொல்லியிருக்கு, அதனால இந்த ரேட் இறங்கும்னு எதிர்பார்க்காதீங்க. பொதுவா மார்ச் 1, செப்டம்பர் 1னு வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறும். ஃபிக்ஸட் ரேட் பிளான்ல இருந்தாலும் டெலிவரி மாறினா உங்க பில் மாறலாம், அது கான்ட்ராக்ட் மீறல் கிடையாது.

டாக்ஸ்னு 4 டாலர் கிட்ட வந்திருக்கும்ல, அதுல பெருசு கிராஸ் ரிசீட்ஸ், அதாவது கம்பெனியோட வரவு மேல ஸ்டேட் போடுற வரி, பெரிய ஊர்ல 1.997 சதவீதம். அந்த 9.4ல இது சேர்ந்திருக்காது.

ஆஸ்டின்_மீனா

எங்களுக்கு இந்த தலைவலி இல்ல, ஆஸ்டின் எனர்ஜி சிட்டியோடது, வேற யார்கிட்டயும் வாங்க முடியாது. இங்க நிறைய எரிச்சா யூனிட் விலை ஏறும், நம்ம ஊர் ஸ்லாப் மாதிரி. ஊர்ல 2024 ஜூலை ரேட்படி ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்னா 1805 ரூபா, 510 ஆனா 2124, அதனால எங்கம்மா மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வர்ற வாரம் ஃபேனைக் கூட யோசிச்சுதான் போடுவாங்க. அந்தப் பழக்கத்தோட வந்தவங்களுக்கு கம்மியா எரிச்சதுக்கு அபராதம்னா எப்படி புரியும்? உங்க மனைவியை நினைச்சா கஷ்டமா இருக்கு.

புதுசா_வந்தவன்

ரொம்ப நன்றி. லேபிளைத் தேடி எடுத்தேன், அண்ணாச்சி சொன்ன நம்பர் அப்படியே இருக்கு, ரெண்டாவது பக்கத்துல சின்ன எழுத்துல கிரெடிட் விஷயம். இப்ப பிளானை உடைச்சா 150 டாலர் ஃபைன். உடைச்சுடலாமா?

பிளேனோ_அண்ணாச்சி

அவசரப்படாதீங்க, கணக்கு போட்டுப் பாருங்க. எனர்ஜி சார்ஜ் மட்டும் 9.5 சென்ட்ல, டெலிவரி தனியா, கிரெடிட் எதுவும் இல்லாத ஃப்ளாட் பிளான் கிடைக்குதுன்னு வச்சுக்குவோம். 600 யூனிட் எரியுற மாசம் அதுல உங்களுக்கு 24 டாலர் லாபம். ஆனா 1000 எரியுற மாசம் இப்ப இருக்கிற பிளானே 60 டாலர் கம்மி, 1500னா 40 டாலர் கம்மி. அபார்ட்மென்ட்ல இனிமே அடுத்த ஜூன் வரைக்கும் 600, 700 தான் எரியும்னா ஒன்பது மாசத்துல 216க்கு மேல மிச்சம், 150 கட்டிட்டு மாறினாலும் கைல கொஞ்சம் நிக்கும். குளிர்காலத்துல ஹீட்டர் கரண்ட்லயா கேஸ்லயா? கரண்ட்னா ஜனவரி, பிப்ரவரில 1000 தாண்டிடும், அப்ப மாறுறதுல அர்த்தமே இல்ல.

ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ் சைட்ல அக்கவுன்ட் ஓபன் பண்ணுங்க, காசு கிடையாது, 15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் தெரியும். மீட்டர் ரீடிங் எடுக்கிற தேதிக்கு நாலு நாள் முன்னாடி 850, 860ல இருந்தா ஏசியை நல்லா போடுங்க, துணியை டிரையர்ல போடுங்க. வீணாக்கச் சொல்றதுக்கு எனக்கே மனசு வரல, ஆனா 88 டாலர் வீட்டு மளிகைக் காசு. கான்ட்ராக்ட் முடிய 14 நாள் இருக்கும்போது ஃபைன் இல்லாம மாறிக்கலாம், அந்த தேதியை இப்பவே போன்ல போட்டு வச்சுக்கோங்க, விட்டா மாசா மாசம் மாறுற ரேட்ல தள்ளிடுவாங்க. வீடு மாறிப் போனாலும் ஃபைன் கிடையாது, புது அட்ரஸ் காட்டணும்.

ஃப்ரிஸ்கோ_குமார்

வீடு மாறுறதா இருந்தா ஒண்ணு, ஃப்ரிஸ்கோல சில தெரு கோசெர்வ்ங்கிற கரண்ட் கூட்டுறவு சங்கத்துல வரும், அங்க பிளான் தேர்ந்தெடுக்கிற வேலையே இல்ல. லீஸ் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. அப்புறம் ஹோல்சேல் ரேட் பிளான்னு, மார்க்கெட் மொத்த விலையோட சேர்ந்து ஏறி இறங்குற பிளான் முன்னாடி இருந்துச்சு, 2021ல வீடுகளுக்கு அதைத் தடை பண்ணிட்டாங்க, யாராவது சீப்னு சொன்னா கிட்டவே போகாதீங்க. 2021 பிப்ரவரி பனில ஹோல்சேல் விலை யூனிட்டுக்கு 9 டாலர்ல நாள் கணக்கா நின்னுச்சு, சென்ட் இல்ல, டாலர். என் ரூம்மேட் அந்த மாதிரி பிளான்ல இருந்தான், அந்த வாரம் முழுக்க அவன் தூங்கல.

புதுசா_வந்தவன்

ஹீட்டர் கரண்ட்தான் அண்ணா, லீசிங் ஆபீஸ்ல கேட்டுட்டேன். அப்ப பிளான் இருக்கட்டும். ஸ்மார்ட் மீட்டர் அக்கவுன்ட் போட்டாச்சு, இந்த மாசம் இதுவரைக்கும் 410. வீட்ல எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன், கொடியை அவுத்துட்டு ஏசி போட்டு குழந்தையைத் தூங்க வச்சிருக்காங்க.