செஃப் ஓஎஸ்டி மெமரி ஏறிக்கொண்டே போகிறது, கடைசியில் ஓஓஎம் கில்லர் (உதவி, அவசரம்)

டர்பன்வாசி
எங்க செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும் மென்பொருள்) ஸ்டோரேஜ் கிளஸ்டரில் ஓஎஸ்டி (டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடுவது) பிராசஸ் எல்லாம் மெமரியைத் தின்றுகொண்டே போகுது. சில வாரத்தில் ரேம் நிரம்பி கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஓஎஸ்டிகளை ஒவ்வொன்றாகக் கொல்கிறது. ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகும், அப்புறம் பழைய கதைதான். ஓஎஸ்டிக்கான மெமரி டார்கெட்டைக் குறைத்தும் பலன் இல்லை. வெள்ளிக்குள் முடிக்கணும், யாராவது சொல்லுங்க.

எபேன்_ராகவி
எந்த வெர்ஷன்? எத்தனை நோடு, நோடுக்கு எத்தனை ஓஎஸ்டி, எவ்வளவு ரேம்? டார்கெட் எவ்வளவிலிருந்து எவ்வளவு?

மிட்ராண்ட்_மணி
டிசிமாலக்தான் (ஓஎஸ்டிக்கு மெமரி ஒதுக்கும் லைப்ரரி), சந்தேகமே வேண்டாம். விடுவித்த பக்கங்களைக் கெர்னலிடம் திருப்பித் தராமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும். "செஃப் டெல் ஓஎஸ்டி.7 ஹீப் ஸ்டாட்ஸ்" அடித்து பேஜ் ஹீப் ஃப்ரீலிஸ்ட் வரியைப் பாருங்க. பெரிதாக இருந்தால் "ஹீப் ரிலீஸ்". ராத்திரிக்கு ஒரு கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை) போட்டால் முடிந்தது வேலை.

கிளஸ்டர்_நாட்டாமை
இதே கேள்வி எத்தனை தடவை! ஓஎஸ்டி_மெமரி_டார்கெட் உச்சவரம்பு இல்லை, தம்பி. இயல்பாக 4 ஜிபி. அந்த அளவில் நிற்கப் புளூஸ்டோர் (ஓஎஸ்டிக்குள் டிஸ்க்கில் எழுதும் பகுதி) தன் கேஷைத்தான் கூட்டிக் குறைக்கும். கேஷுக்கு வெளியே வளர்வதை அது தொடாது. ஆவணத்தைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

டர்பன்வாசி
16.2.9. 3 நோடு, தலா 64 ஜிபி, 10 ஓஎஸ்டி. டார்கெட் 4லிருந்து 3. ஹீப் ரிலீஸ் அடித்தேன், 200 எம்பி கூட இறங்கல.

சாட்ஸ்வர்த்_சிவா
லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு). கரண்ட் போய்ப் போய் வந்தால் ஓஎஸ்டி விழுந்து எழும், பிஜி (தரவைப் பிரித்து வைக்கும் குழு) டிகிரேடட் ஆகும், அதாவது பிரதி குறையும். பிரதி முழுசாகி கிளீன் ஆகும்வரை பிஜி லாக் (அண்மை மாற்றங்களின் பதிவு) சுருங்காது. நம்ம தென்னாப்பிரிக்காவில் ஸ்டேஜ் 6 மின்வெட்டு ஓடின நாட்களில் எல்லா கிளஸ்டரும் இந்தப் பாடுதான். முதலில் இன்வெர்ட்டரைக் கவனிங்க.

எபேன்_ராகவி
சிவா அண்ணா, லாக் நீளும் என்பது சரி. ஆனால் பிஜிக்கு உச்சம் 10,000 என்ட்ரி. ஓஎஸ்டிக்கு 100 பிஜி, என்ட்ரிக்கு 1 கேபி என்று தாராளமாகவே வைத்தாலும் 1 ஜிபி தாண்டாது.

டர்பன்வாசி, ரெண்டே விஷயம் பாருங்க. ரீஸ்டார்ட் ஆகி பத்து நிமிஷத்தில் ஆர்எஸ்எஸ் (பிராசஸ் பிடித்திருக்கும் ரேம்) எவ்வளவு? 1 ஜிபி பக்கம் தொடங்கி மெதுவாக ஏறினால் கேஷ் அல்லது லீக் (விடுவிக்காமல் விட்ட மெமரி). எழும்பும்போதே 4, 5 ஜிபி என்றால் பாரம் டிஸ்க்கில் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அதைத்தான் ஏற்றுகிறது. அடுத்து "செஃப் டீமன் ஓஎஸ்டி.7 டம்ப்_மெம்பூல்ஸ்". மெமரி எதுக்குப் போகுது என்று அது காட்டும், அதில் ஓஎஸ்டி_பிஜிலாக், பஃபர்_அனான் ரெண்டும் வேணும்.

மிட்ராண்ட்_மணி
அதுவரை ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) 32 ஜிபி கொடுத்து வைங்க, உயிராவது தப்பும்.

கிளஸ்டர்_நாட்டாமை
ஸ்வாப்பா? ஓஎஸ்டி பக்கங்கள் ஸ்வாப்புக்குப் போனால் ஹார்ட்பீட் (உயிரோடு இருக்கிறேன் என்ற சிக்னல்) தாமதமாகும். 20 நொடி பதில் வராவிட்டால் டவுன் என்று குறிப்பார்கள், ரெகவரி தொடங்கும், அதுக்கும் மெமரி வேணும். ஒரு ஓஎஸ்டி செத்தால் ஒன்றுதான் போகும். இழுத்துக்கொண்டு கிடந்தால் கிளஸ்டரே தள்ளாடும்.

மிட்ராண்ட்_மணி
ஸ்வாப்பினெஸ் (கெர்னல் ஸ்வாப்பை நாடும் அளவு) 1 வைத்தால் அப்படி ஆகாது. புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்லாதீங்க.

டர்பன்வாசி
ரீஸ்டார்ட் ஆன உடனே 5.9 ஜிபி. எழும்பவே ரொம்ப நேரம் எடுக்குது. பிஜிலாக் 5.6 ஜிபி, பஃபர்_அனான் ஒன்றுமில்லை. ஆட்டோஸ்கேலர் (பிஜி எண்ணிக்கையைத் தானாக மாற்றுவது) ஒரு பூலை 32 பிஜியிலிருந்து 256 ஆக்கினது, அது சம்பந்தமா?

எபேன்_ராகவி
சம்பந்தமேதான், இது டப்ஸ் பக். ஒரே கோரிக்கை ரெண்டு முறை வந்தால் கண்டுபிடிக்க பிஜி லாக்கோடு டப்ஸ் பட்டியல் ஒன்று இருக்கும், இயல்பாக 3000 வரை. பிஜி பிரிந்த பிறகு வெர்ஷனை வைத்து வெட்டும் வேலை சிக்கிக்கொள்கிறது, பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. 16.2.11இல் எண்ணிக்கையை வைத்து வெட்டும்படி மாற்றிவிட்டார்கள்.

உறுதிசெய்ய: நோஅவுட் (நிறுத்தின ஓஎஸ்டியைக் கிளஸ்டர் விலக்காமல் இருக்க) செட் பண்ணி, ஓஎஸ்டி.7ஐ நிறுத்தி, செஃப்-ஆப்ஜெக்ட்ஸ்டோர்-டூலில் ஆப் லாக், பிஜிஐடி கொடுத்து டப்ஸ் நீளத்தை எண்ணுங்க. லட்சங்களில் வந்தால் 16.2.11 டூலில் ட்ரிம்-பிஜி-லாக்-டப்ஸ், பிஜி பிஜியாக. ஓஎஸ்டி_பிஜி_லாக்_ட்ரிம்_மேக்ஸ் (ஒரு சுற்றில் வெட்டும் உச்சம்) இயல்பாக 10,000தான், அதை 5 லட்சமாக்காவிட்டால் விடிஞ்சாலும் முடியாது. ஒரு நேரத்தில் ஒரு நோடு மட்டும். எல்லாம் ஆக்டிவ்+கிளீன் ஆன பிறகே அடுத்தது. இடையில் ஆட்டோஸ்கேலர் ஆஃப்.

கிளஸ்டர்_நாட்டாமை
வெட்டி முடித்ததும் செஃப்-கேவிஸ்டோர்-டூலில் காம்பாக்ட் அடிக்கணும், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அழித்த கீகள் ராக்ஸ்டிபியில் (ஓஎஸ்டியின் உள் டேட்டாபேஸ்) டூம்ஸ்டோனாக, அதாவது அழித்த அடையாளமாகக் கிடக்கும், எழும்பும்போது மறுபடி தாமதமாக்கும். ஓஎஸ்டி கன்டெய்னரில் ஓடினால் செஃப்ஏடிஎம் (செஃப்பை நிர்வகிக்கும் டூல்) ஷெல்லுக்குள் போய்ச் செய்யணும்.

சாட்ஸ்வர்த்_சிவா
நோஅவுட் போட்டுவிட்டு நடுவில் கரண்ட் போனால்? ஜெனரேட்டர் டீசல் பார்த்துவிட்டு ஆரம்பிங்க.

மிட்ராண்ட்_மணி
ஸ்வாப் இருந்திருந்தால் இத்தனை தடவை செத்தே இருக்காது.

கிளஸ்டர்_நாட்டாமை
5.6 ஜிபி பட்டியலை ஸ்வாப்பில் வைத்து என்ன செய்வதாக உத்தேசம்?

டர்பன்வாசி
ஒரு பிஜியில் மட்டும் 41 லட்சம் டப்ஸ். வெட்டி, காம்பாக்ட் பண்ணியாச்சு. ஓஎஸ்டி.7 இப்போ 1.3 ஜிபி. மற்றது ராத்திரி. நன்றி அக்கா.

எபேன்_ராகவி
டார்கெட்டை 4க்கே திருப்பி வைங்க, இல்லாவிட்டால் ரீட் மெதுவாகும். மற்ற பூல்களும் பிரிந்திருக்கிறதா?

மிட்ராண்ட்_மணி
ஸ்வாப்பினெஸ் பற்றி இன்னும் பதில் வரலை.