காலை எட்டு மணி நாடகம்: ஜப்பானில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

யோகோஹாமா புதியவன்:
இங்கே வந்து நான்கு மாதம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் 'அசதோரா' பேச்சுதான். ஜப்பானின் பொது ஒளிபரப்பான என்எச்கேயில் தினம் காலை 15 நிமிடம் வரும் ஒரு நாடகத்தின் மேல் ஏன் இவ்வளவு பிரியம்? மொழி பழக நானும் பார்க்கலாமா?

ஒசாகா அக்கா:
கட்டாயம் பாருங்கள் தம்பி. பதினொரு வருடமாக எனக்கு அதுதான் கடிகாரம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் டிவியில் அந்தப் பாட்டு தொடங்கினால் மணி எட்டு. முடியும்போது பையன் செருப்பு மாட்டியிருக்க வேண்டும்.

பாட்டி அதைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவார். ஆனாலும் கதை ஒன்றுகூடத் தப்பாது. கதைசொல்லியின் குரல் கூடவே வந்து விளக்கிவிடும். வேலை செய்யும் கைகளுக்காகவே எழுதியது போல இருக்கும். எட்டு மணியை விட்டுவிட்டால் 12:45 மறு ஒளிபரப்புக்குக் காத்திருப்பார்.

ஆறு மாதத்துக்கு ஒரு கதை. பெரும்பாலும் ஒரு பெண் சின்ன வயதிலிருந்து தன் வழியைத் தேடிப் போவது. ஏப்ரலில் தொடங்குவது டோக்கியோவில் தயாராகும், அக்டோபரில் தொடங்குவது எங்கள் ஒசாகாவில். அக்டோபர் வந்தால் பாட்டிக்கு ஒரு தனிப் பெருமை!

2013-இல் வந்த 'அமச்சன்' இவாதே மாநிலக் கடலோரத்தில், குஜி ஊரில் எடுத்தது. 2011 சுனாமி அடித்த கரை அது. அந்த நாளை அலையாகக் காட்டாமல், உடைந்த ஒரு மாதிரி ரயில்பாதையாகக் காட்டினார்கள். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமே கேட்கவில்லை.

நகோயா வாசகர்:
ஒன்று சேர்க்கிறேன். எட்டு மணி என்பது 2010-இலிருந்துதான், அதற்கு முன் எட்டே கால். 1983-இல் தொடங்கிய 'ஓஷின்' என்ற அசதோராவைச் சராசரியாக 52.6 சதவீத வீடுகளில் பார்த்தார்கள். இப்போது அந்த அளவு இல்லை. 2020-இலிருந்து சனிக்கிழமை புதுக் கதை கிடையாது, வாரச் சுருக்கம்தான்.

யோகோஹாமா புதியவன்:
நன்றி அக்கா. நான் 7:50-க்கே கிளம்பிவிடுவேனே, என்ன செய்வது?

ஒசாகா அக்கா:
பதிவு செய்து ராத்திரி பாருங்கள். அப்படியே 8:15-க்கு வரும் 'அசாயிச்சி' என்ற காலை நிகழ்ச்சியின் முதல் நிமிடத்தையும் சேர்த்துப் பதியுங்கள். தொகுப்பாளர்கள் இப்போதுதான் முடிந்த காட்சியைப் பற்றிப் பேசுவார்கள், சில நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறுநாள் சாப்பாட்டு மேசையில் நீங்களும் பேச அதுவே போதும்.