புதுப்பிப்பு: 4கே வேண்டாம், 1440பி மானிட்டரே போதும் என்று முடிவெடுத்தேன்

ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு (திரைக் காட்சிகளை வரையும் பாகம்) உள்ள என் கணினிக்கு, 24 அங்குல 1080பி மானிட்டரை மாற்றி 4கே வாங்கலாமா, 1440பி போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்த பிறகு, 27 அங்குல 1440பி மானிட்டரை வாங்கினேன்.

1080பி, 1440பி என்பதில் உள்ள எண், திரையில் மேலிருந்து கீழாக எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளி) வரிசைகள் என்பதைக் குறிக்கும்; 4கே-யில் அது 2160. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்களும், 1440பி-யில் 36.9 லட்சமும், 4கே-யில் 82.9 லட்சமும் உள்ளன. ஒவ்வொரு ஃபிரேமிலும் (அடுத்தடுத்துத் தோன்றும் ஒவ்வொரு படத்திலும்) அத்தனையையும் கார்டுதான் வரைந்தாக வேண்டும் என்பதால், புதிய கேம்களை 4கே-யில் ஓட்ட இந்தக் கார்டு திணறும். குறைந்த பிக்சல்களில் வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதி கைகொடுத்தாலும், அந்தச் சுமையைக் காலம் முழுவதும் அதன்மேல் ஏற்ற எனக்கு மனமில்லை.

கார் பந்தய கேமில், தொலைவில் செல்லும் மின்கம்பிகள் பழைய திரையில் படிக்கட்டுப் போல உடைந்து தெரிந்தன. இப்போது ஒரே கோடாக நீள்கின்றன. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: 1080பி-யில் மட்டுமே ஓடும் பழைய கேம்கள் இதில் சற்று மங்கலாகத் தெரிகின்றன, ஏனெனில் 1440 என்பது 1080-இன் முழு மடங்கு அன்று. 4கே அகலத்திலும் உயரத்திலும் சரியாக இரு மடங்கு என்பதால், பழைய கேம்களையே அதிகம் ஆடுபவர்கள் அதையும் பரிசீலிக்கலாம்.

வாங்குபவர்கள் விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) கட்டாயம் பாருங்கள். என்னுடையது 60 ஹெர்ட்ஸிலேயே இருந்தது, 144-க்கு நானே மாற்றினேன்.