மிக்கி மவுஸின் பேய்ப் படங்கள்: நீங்கள் முதலில் பயந்தது எப்போது?

நானே ஆரம்பித்து வைக்கிறேன், உங்கள் கதையைக் கீழே எழுதுங்கள். என் கதை 'லோன்சம் கோஸ்ட்ஸ்'. 1937 டிசம்பரில் டிஸ்னி வெளியிட்ட மிக்கி கார்ட்டூன் படம், ஒன்பது நிமிடம்கூட ஓடாது. நான் அதை முதலில் பார்த்தது சத்தமே இல்லாமல், ஒற்றைக் கண்ணால்.

குவைத்தில் வேலை பார்த்த பெரிய மாமா லீவில் வரும்போது பிஷர்-பிரைஸ் மூவி வியூவர் என்று ஒரு பொம்மை வாங்கி வந்தார். பேட்டரி கிடையாது, பல்பு கிடையாது. உள்ளே சின்ன பிலிம் கேசட். கண்ணோடு ஒட்டி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றுகிற வேகத்தில் படம் ஓடும். நிறுத்தினால் அப்படியே நின்றுவிடும்.

அங்கேதான் வினை. அண்ணன் முதலில் பார்ப்பான். பேய் முகம் வரும் இடத்தில் கையை நிறுத்திவிட்டு, "இந்தா பாருடா" என்று என் கண்ணில் வைப்பான். ஓடுகிற பேயைப் பார்த்துச் சிரித்துவிடலாம். நின்றுவிட்ட பேய் வேறு. அதற்குத் தொப்பி இருந்தது, சிரிப்பு இருந்தது, எதுவும் பேசவில்லை. பொழுது சாயச் சாய மிக்கி, மாடிப்படி, சுவர் எல்லாம் மங்கிப்போகும். பேய் வெள்ளையாயிற்றே, அது மட்டும் கடைசி வரை தெரியும். ஆறு மணிக்கு மேல் அந்தப் பொம்மை இருந்த அறைக்குள் நான் தனியாகப் போனதில்லை.

முழுப் படத்தைச் சத்தத்தோடு பார்த்தபோது கல்யாணமே ஆகிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் இதற்கா பயந்தோம்! பாழடைந்த வீட்டில் நாலு பேய்கள். பயமுறுத்த ஆளே வரவில்லை என்று சலித்துப்போய் உட்கார்ந்திருக்கின்றன. பேப்பரில் 'ஏஜாக்ஸ்' பேயோட்டிகளின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவைகளே போன் செய்கின்றன! நம் ஊர் சினிமாப் பேய்க்குப் பழிவாங்க ஒரு ஜமீன்தாராவது வேண்டும். இதுகளுக்கு வெறும் பொழுதுபோகாத குறைதான்.

பேயோட்ட வருவது மிக்கி, டொனால்ட் வாத்து, கூஃபி என்கிற நாய். மிக்கி துப்பாக்கியை நீட்டினால் பேய் குழாய்க்குள் விரலை விட்டு அடைத்துவிடுகிறது. ஆனால் படமே கூஃபி கண்ணாடி முன்னால் நிற்கும் இடம்தான். கண்ணாடிக்குள் இருந்துகொண்டு பேய் அவன் செய்வதையெல்லாம் செய்து காட்டுகிறது. அப்புறம் அலமாரி இழுப்பறைகளுக்குள் சிக்கி, எது தன் உடம்பு என்று அவனுக்கே தெரியாமல் போய்விடுகிறது. தன் பின்பக்கத்தையே பேய் என்று நினைத்து ஊசியால் குத்திக்கொள்கிறான். கடைசியில் மூன்று பேரும் பாகிலும் மாவிலும் விழுந்து வெள்ளை வெளேரென்று எழுந்து வர, அசல் பேய்கள் அலறியடித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடுகின்றன. சத்தம் இருந்தால்தான் இதெல்லாம் காமெடி. அந்தப் பொம்மைக்குள் இருந்தவரை இது சுத்தமான பேய்ப் படம்.

* * *

உங்களுக்குப் பொம்மையில் வந்த வினை எனக்கு வீடியோ கேமில் வந்தது. சித்தப்பா வீட்டில் டிவியோடு இணைத்து ஆடும் மெகா டிரைவ் கேம் பெட்டியில் 'மிக்கி மேனியா', 1994இல் வந்த கேம். மிக்கியின் பழைய படங்கள்தான் அதில் ஒவ்வொரு கட்டமும். நீங்கள் சொல்லும் பேய் வீடும் உண்டு, ஆனால் எங்களில் யாரும் அதுவரை போய்ச் சேர்ந்ததே இல்லை. அதற்கு முன்பே 'மேட் டாக்டர்' கட்டம் வந்துவிடும். எலும்புக்கூட்டை அடிக்கக் கையில் இருப்பது கோலிக்குண்டு! அடித்தால் செத்துத் தொலையாது, எலும்பெல்லாம் சிதறிப் பறந்து நம் மேலேயே விழும். சித்தப்பா பையன் அந்தக் கட்டம் வந்ததும் கன்ட்ரோலரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

அந்தக் கட்டத்தின் மூலப் படமான 'தி மேட் டாக்டர்' 1933இல் வந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கறுப்பு வெள்ளை. ஒரு மழை இரவில் மிக்கியின் நாய் புளூட்டோவை ஒரு டாக்டர் தூக்கிப் போகிறான், நாயின் தலையைக் கோழி உடம்பில் ஒட்டிப் பார்க்க! தேடிப்போன மிக்கியையும் மேஜையில் கட்டிப்போட்டு, சுழலும் ரம்பத்தை வயிற்றை நோக்கி இறக்குகிறான். ரம்பத்தின் அந்த 'ங்ங்ங்' கடைசியில் தூங்குகிற மிக்கியைச் சுற்றிப் பறக்கும் பூச்சியின் ரீங்காரமாக மாறிவிடுகிறது, எல்லாம் கனவாம். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. 'கனவு' என்று சொல்லித் தப்பிப்பது அப்போதே ஆரம்பித்துவிட்டது போல. ஆனால் இன்றும் ராத்திரி காதோரம் கொசு கத்தினால் எனக்கு ரம்பம்தான் ஞாபகம் வரும்.

* * *

முதல் பதிவைப் படித்துவிட்டு, நேற்று என் ஆறு வயது மகளுக்கு 'லோன்சம் கோஸ்ட்ஸ்' போட்டுக் காட்டினேன். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. டொனால்டைப் பேய் பலகையால் அடித்ததும் திரும்பப் போடச் சொன்னாள். ஆனால் படம் முடிந்ததும் முகம் வாடிவிட்டது. "அதுங்க வீடுதானேப்பா அது? இப்ப அதுங்க எங்க போய்த் தூங்கும்?" என்கிறாள். என்னத்தைச் சொல்வது?

* * *

முதல் பதிவு போட்டவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: என்னுடைய அந்தப் பொம்மையின் கைப்பிடியைப் பின்பக்கமாகவும் சுற்றலாம். சுற்றினால், ஓடிப்போன பேய்கள் பின்னாலேயே நடந்து வந்து ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போய்விடும். பரணில்தான் எங்கோ கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏறித் தேடப் போகிறேன், பகலில்.